லாசரோ எடுத்த முகப்பானை

பெரிய வெள்ளி, மதியம் மூன்று மணி. ஊரே கோயிலில். மேட்டுக்குப் போகிற மணல் ரோட்டில் ஈ காக்கை இல்லை... நம்ம நிக்கானோர் இருக்கிறானே, அவன் சித்தப்பா லாசரோவுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

புதையல் தோண்டுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் அந்தக் காலத்து ஆட்களைப் பொன்னும் பானையுமாகப் புதைத்த பழைய மேடு வாய் திறக்கும். லாசரோ குழிக்குள் இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது மச்சான் எவரிஸ்தோ. பெண்டாட்டியின் அண்ணன், லாசரோவின் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன். பிறகு என்ன பயம்? மேட்டுக்குப் படையலாகக் கொக்கா இலை வைத்தார்கள், கரும்புச் சாராயம் தெளித்தார்கள். அதற்கப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மேட்டின் காதில் விழுந்த பேர் மேட்டுக்கே சொந்தம். அதனால் இவன் ஆந்தை, அவன் நரி.

"டேய் ஆந்தை, முழிச்சது போதும். தோண்டு" என்று மேலேயிருந்து கிண்டல் வேறு.

மூன்று ஆள் ஆழம். ஈர மண் வாடை... மண்ணில் குத்திப் பார்க்கிற கம்பி எதிலோ டக்கென்று தட்டியது. மனித முகம் வைத்த பானை. காதில் வளையம் போட்ட யாரோ ஒரு பெரியவர், மூக்குகூட உடையவில்லை. இந்த வருஷம் வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம் என்று லாசரோ பூரித்துப்போனான். கயிற்றில் கட்டி அனுப்பினான்.

கயிறு திரும்பி வரவில்லை.

மணல் சரிகிற சத்தம்... சர்ர்... அப்புறம் மேலேயிருந்து, நிதானமாக, ஞானஸ்நானப் பேர் முழுசும்.

"லாசரோ இசிதோரோ சிரோக்கே."

மூன்று தரம். அவசரமே இல்லை. பாவி, தங்கச்சி புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை.

நகம் பெயர, சுவரில் கால் வைக்கக் குழி பறித்துப் பறித்து ஏறினான். வீடு வந்து சேர இருட்டிவிட்டது. கதவைத் தட்டினான். பெண்டாட்டி சொயிலா விளக்கோடு வந்தாள்.

"யாருங்க?"

"நான்தான்டி..." பேரைச் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. அவன் பேர் அவனுக்கே தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் சாப்பிடுறாரு. நாளைக்கு வாங்க."

அவள் தோளுக்குப் பின்னால் மேசை. எவரிஸ்தோ உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மட்டும் ஆளைத் தெரிந்தது. முகம் வெளிறியது... பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"கதவச் சாத்தும்மா."

அவனுக்கு எதிர் நாற்காலியில் அந்தப் பானை. இப்போது அதில் பெரியவர் முகம் இல்லை. லாசரோவின் முகம். பக்கத்தில் மகள் மீனில் முள் எடுத்து அதன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் பாதிச் சோறு காலி. கதவு மூடுவதற்குள் லாசரோ பார்த்துவிட்டான்... பானையின் கீழுதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை.