ஆற்றோரத்து நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

பழைய எண்களைத் திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரில் எத்தனை பேர், எத்தனை வீடுகள் என்று வருடா வருடம் உத்தேசமாக ஒரு கணக்குப் போடுவோம். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும். அதற்கு ஒத்துப்போகும்படி, பின்னால் போய்ப் பழைய உத்தேசங்களை மாற்றிவிடுவேன். இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை.

என் மனைவியின் தம்பியும் அதே பிரிவில்தான். உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போடாமல், வெயிலில் அலைந்து கதவு தட்டி எண்ணுகிறவன். வீட்டில் குழாய் ஒழுகினாலும் "தம்பியைக் கூப்பிடுங்க" என்பாள் அவள். பதினெட்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்துகிறவனைப் பார்த்து ஒருநாளும் "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

இந்த முறை வந்த கணக்கெடுப்பில் ஆற்றோரத்துக்கு நேரே 'வீடுகள் இல்லை' என்றிருந்தது. எண்ணப் போனவர்கள் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. மைத்துனன் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பட்டியல் எழுதி, மேலே அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தான். அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு, கடந்த ஒன்பது வருடத்துக்கும் ஆற்றோரத்துக்கு அவன் போட்டிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்துப் பூஜ்யம் போட்டேன். ஆளில்லாத இடத்தில் வீடு கட்டியவன் என்று அலுவலகமே அவனைக் கிண்டல் செய்தது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மழைக்காலத்தில் அணையைத் திறந்தார்கள். வெள்ளம் வருமுன் ஆட்களை ஏற்ற எந்தப் பகுதிக்கு எத்தனை பஸ் என்பதை என் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஆற்றோரத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை. மத்தியானம் அவன் போன் செய்தான்.

"அத்தான், அந்த லிஸ்ட் உங்ககிட்டதானே இருக்கு? இப்பவாவது எடுத்துக் குடுங்க. பஸ் அனுப்ப மாட்டேங்கறாங்க."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். இழுப்பறைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை. கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கிளப்பத் தானே போய்விட்டான். எத்தனை கதவு தட்ட முடிந்ததோ தெரியாது. அவனும் திரும்பவில்லை.

என் மனைவி இப்போதும் தம்பி போட்ட கணக்குதான் சரி என்கிறாள். அழுதுகொண்டே சொல்வதால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. நீங்கள் வேண்டுமானால் ஆற்றோரத்துக்குப் போய் எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு வீடுகூட இல்லை. நான் போட்ட எண்தான் சரி.