துணைக்கு வந்தவங்க வரிசை

நகரலீங்களா? நகராது. மேசைல ரெண்டு பேரு உக்காந்திருந்தா ஒருத்தரு டீ குடிக்கப் போயிருப்பாரு. வருஷா வருஷம் இதே கூத்துதான். நீங்க பைய கீழ வெச்சுட்டு ஒரு சேர இழுத்துப் போட்டு உக்காருங்க தங்கச்சி. பார்வையற்றோர் சங்க மாநாடு பத்து மணிக்குன்னு நோட்டீஸ்ல போட்டா பதினொன்றரைக்குத்தான் குத்துவெளக்கே ஏத்துவாங்க. அந்த வெளக்கு யாருக்குன்னு என் தம்பி வருஷம் தவறாம கேப்பான். இன்னைக்கும் கேப்பான் பாருங்க.

மொதத் தடவையா? தெரிஞ்சுது. எப்படின்னா, வாசல்லேருந்து பாத்து வாங்க பாத்து வாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்கள்ல. பழகுனவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. மூணு படி, கடைசிப் படி கொஞ்சம் ஒசரம், இப்படித்தான் சொல்லுவாங்க. அட, தப்பா சொல்லலம்மா. நானும் மொத வருஷம் அப்படித்தான் பாத்து பாத்துன்னு கத்திக்கிட்டே திருச்சி ஸ்டேஷன் பூரா நடந்தேன்.

எந்த ஊரு? கீழ்வேளூரா. நாங்க பாபநாசம். வீட்டுக்காரருக்குப் பொறவியிலயேவா? ஓ. சிங்கப்பூர்லயா. கட்டட வேலைல... சுண்ணாம்பா? அல்லாவே. ரெண்டு கண்ணுமா? ம். வேற என்ன செய்வாங்க, மூணு வருஷமா குறுவைங்கிற பேச்சே இல்ல, ஆத்துல மணலுதான் ஓடுது. ஆம்பளைங்க கெளம்பத்தான் செய்வாங்க. பேரு என்ன? இளையபெருமாளா. அவரத்தான என் தம்பி பக்கத்துல, ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சீங்க? பேசிக்கிட்டுதான இருக்காங்க? சிரிக்கிறாரா! பாத்தீங்களா. கண்ணு போயி ஒன்றரை வருஷம் கழிச்சு சிரிக்கிறாருன்னா அப்படியே விட்டுடுங்க, போயி தண்ணி வேணுமா காப்பி வேணுமான்னு கேட்டுக் கெடுத்துடாதீங்க. என் தம்பி சேக் தாவூது கையில மாட்டுனவங்க யாரும் சிரிக்காம எந்திரிச்சதில்ல.

இருபத்திரெண்டு வருஷமா வர்றேங்க. திருச்சி, மதுரை, சேலம், நாகர்கோயிலு, எங்க போட்டாலும். அவனுக்குப் பத்து வயசுல மாலைக்கண்ணுன்னு ஆரம்பிச்சுது. எங்க அத்தா வேளாங்கண்ணி வரைக்கும் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தாங்க, பள்ளிவாசல்ல என்ன சொல்லுவாங்கன்னுகூட பாக்கல. பத்தொம்பதுல சுத்தமாப் போயிடுச்சு. சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டிக் குடுத்தீங்கள்ல, அதான்னு மதுரை டாக்டர் சொன்னாரு. சொல்லி? அப்புறம் அத்தாவும் மவுத்தாயிட்டாங்க, அவன் என்கூடயே வந்துட்டான். கல்யாணம் பண்ணிக்கடான்னா, ஏன், ஒன் சோறு நல்லாத்தான இருக்குன்றான். என்னத்த சொல்றது.

இங்கயா? பெருசா ஒண்ணும் நடக்காது. பதினேழு தீர்மானம் போடுவாங்க, அதுல பதினாறு போன வருஷத்துது. வேல ஒதுக்கீடு, பஸ் பாசு, பரீட்சைக்கு எழுதிக் குடுக்க ஆளு. அமைச்சர் வர்றாருன்னு அச்சடிச்சிருப்பாங்க, யாராவது வட்டச் செயலாளர் வந்து பொன்னாடைய வாங்கிக்கிட்டுப் போவாரு. ஆனா பொய் சொல்லக்கூடாது, இங்க கத்துனதுலதான் தாவூதுக்கு பஸ் ஸ்டாண்டுல டெலிபோன் பூத்து கெடச்சுது. என்ன கூட்டங்கிறீங்க அப்ப! வெள்ளிக்கிழமையானா துபாய்க்கும் குவைத்துக்கும் பேச பொம்பளைங்க நிப்பாங்க பாருங்க, பஸ்ஸு திரும்ப எடம் இருக்காது. காலடிச் சத்தத்த வெச்சே யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நம்பரப் போட்டுடுவான். இப்ப ஆளாளுக்கு செல்லு வந்துடுச்சு. அவன் பூத்துல உக்காந்து ரேடியோ கேக்குறான்.

மத்தியானச் சாப்பாட்டப்பதான் நீங்க பாக்கணும். முந்நூறு எலை. அத்தன எலைக்கும் பக்கத்துல ஒரு ஆளு, சாம்பார் ஊத்தியாச்சு, அப்பளம் எடது பக்கம், பாயசம் டம்ளர்ல, தட்டிடாதன்னு. அந்த இரைச்சலு சந்தையில கூட கேக்காது. ஒங்க வீட்டுக்காரரு வடைய பக்கத்து எலைக்காரரு எடுத்துட்டா சண்ட போடாதீங்க. வேணும்னு செய்யறதில்ல. தாவூது மட்டும் வேணும்னே செய்வான்.

அலுப்பா இருக்குங்க. சொன்னா என்ன, நீங்களும் நாளைக்கு இதத்தான் சொல்லப் போறீங்க. எங்க மச்சான், அதான் எங்க வீட்டுக்காரரு, மஸ்கட்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க நாப்பது நாளு லீவு. ஒரு தடவ அந்த நாப்பது நாளுக்குள்ள மாநாடு வந்துடுச்சு, நான் இவனக் கூட்டிக்கிட்டு சேலம் போயிட்டேன். மச்சான் மூணு நாளு மொகங்குடுத்துப் பேசல. இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் புருஷன், நடுவுல ஷமீரா, என் மக. அவளுக்குப் போன ஷவ்வால் மாசத்துல நிக்காஹ் முடிஞ்சுது, கூத்தாநல்லூர்ல. மூணு மாசம் முழுகாம இருக்கா. அது முடியட்டும் அது முடியட்டும்னுதான் எல்லாத்தையும் தள்ளித் தள்ளி வெச்சிருந்தேன்.

துணையாளா நான் வர்றது இதோட சரி. அவன்கிட்டயும் பேசியாச்சு.

மஸ்கட்டா? சேச்சே, அங்க போயி நான் என்ன பண்ணப் போறேன். இல்ல தங்கச்சி, அவன அனாதையா விடல. மொகத்த அப்படி வெச்சுக்காதீங்க... குரல்லயே தெரியுது. இருபத்திரெண்டு வருஷம் கூட்டிக்கிட்டு அலைஞ்சவ கடைசில கைய ஒதறிட்டாளேன்னு நெனைக்கிறீங்க. நெனைங்க, தப்பில்ல. நானும் அப்படி ஒருத்தியப் பத்தி நெனச்சிருக்கேன், இதே மாதிரி வரிசைல நின்னு.

நீங்க அவரத் தோளப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தீங்க. அது வேணாம். உங்க முழங்கைய அவரப் புடிக்கச் சொல்லிட்டு அர அடி முன்னால நடங்க. அவ்வளவுதான். படி வந்தா உங்க கை எறங்கும், அவருக்குப் புரிஞ்சுடும். பழகப் பழக எல்லாம் புரிஞ்சுடும். நீங்க கோவமா இருந்தாலும், அழுதுட்டு வந்திருந்தாலும். மச்சானோட போன்ல சண்ட போட்டுட்டு நான் வாயே தொறக்காம நடப்பேன், இவன் பின்னாலேருந்து, ஏன்க்கா, மஸ்கட்ல மழையான்னு கேப்பான். முழங்கைக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது தங்கச்சி.

நகருதா? அப்பாடா. ஃபாரம் குடுக்குறாங்களா? எனக்கும் ஒண்ணு வாங்கிடுங்க. பேனா இருக்கா? அப்படியே எனக்கும் எழுதிக் குடுங்களேன், புண்ணியமாப் போகும். கண்ணாடிய மறந்துட்டு... சரி, உங்ககிட்ட எதுக்கு அந்தக் கதையெல்லாம். எழுதுங்க. லத்தீஃபா. கணவர் பேரு ஜெகபர் அலி. வயசு நாப்பத்தஞ்சு.

இல்ல, கீழ இல்ல. மேல. உறுப்பினர்னு போட்டிருக்கும் பாருங்க, அங்க.

ஆமா, எனக்குத்தான். சர்டிபிகேட்டு இந்தக் கவர்ல இருக்கு, எழுபத்தஞ்சு சதவீதம். தாவூதுக்கு வந்த அதேதான், எனக்குக் கொஞ்சம் பொறுத்து வந்துருக்கு. ஓரமெல்லாம் சுருங்கிக்கிட்டே வருது. இப்ப உங்க மூக்கு தெரியுது, காது தெரியல. எழுத்து கலங்குது. நாலஞ்சு வருஷமாச்சு. பொண்ணு பாக்க வர்றவங்க மாமனுக்குக் கண்ணில்லங்கிறதயே நாலு தடவ கேக்குறாங்க, அம்மாவுக்கும்னா எந்த வீட்டுல எடுப்பாங்க? வாய மூடிக்கிட்டு சமைச்சேன், தொவைச்சேன், இவனக் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். ஒரு சீவனுக்குத் தெரியாது.

தாவூதா? நான் சொல்லல. ரெண்டு வருஷமா எங்க போனாலும் பின்னாலேருந்து சத்தமா எண்ணிக்கிட்டே வருவான். நாலு படி. அஞ்சு படி. குச்சிய முன்னால நீட்டி, இங்க சாக்கடைன்னுவான். ஏன்டா இப்படி முணுமுணுக்குறன்னு திட்டுவேன். ஷமீரா நிக்காஹ் முடிஞ்சு மறுவாரம், பூத்துக்கு மத்தியானச் சோறு கொண்டு போனேன். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறான், இனிமே மனசுக்குள்ள எண்ணிக்கட்டுமாக்கா, இல்ல சத்தமாவே எண்ணட்டுமான்னு. பஸ் ஸ்டாண்டுன்னுகூட பாக்காம அழுதேன். அவன் சோத்த வெச்சுட்டு என் தலையத் தடவிக் குடுக்குறான். எனக்குத் தம்பிங்க அவன்.

மச்சானுக்கு இன்னும் தெரியாது. ஷமீராவுக்குத் தெரியாது, அவ மாமியாருக்குத் தெரியாது. புது உறுப்பினர் பேரெல்லாம் சங்கத்து மலர்ல ஊரோட போட்டு அச்சடிப்பாங்க, அப்ப எப்படியும் தெரிஞ்சுடும். ஷமீரா வயித்துல இருக்கிற புள்ளைக்குன்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அதத்தான் யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. வாய விட்டு நான் சொன்ன மொத ஆளு நீங்கதான், உங்க பேரு கூட நான் கேக்கல.

எழுதுங்கம்மா, பின்னால ஆளு நிக்குது. துணைக்கு வந்தவர் பேருன்னு கீழ இருக்குமே, அதுல சேக் தாவூதுன்னு போடுங்க. உறவு, தம்பி. கையெழுத்து நான் போட்டுக்கிறேன், எங்கன்னு மட்டும் உங்க வெரல வெச்சுக் காட்டுங்க.