அடுத்த ரூம்

இல்லக்கா, ஒரே ஆள்தான். நான் மட்டும்தான். ரூம் நல்லாத்தான் இருக்கு, ஜன்னல் பெருசா இருக்கு, தண்ணி வருது, எல்லாம் சரி. நெட் கிடைக்குமான்னு மட்டும் சொல்லுங்க. இந்த மூலையில லேசாக் காட்டுது, அந்தப் பக்கம் போனா அதுவும் போயிடுது. வீட்டுக்காரரா? இருக்காரு, இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு, சத்தமாக்கூடப் பேச மாட்டாரு. பேசினாத்தானே சத்தமாப் பேசறதுக்கு.

சொல்றேன், சொல்றேன். தனியா ஒரு பொம்பள ரூம் கேட்டு வந்தா நீங்களும் விசாரிக்கத்தானே செய்வீங்க.

எனக்கு டைப் அடிக்கற வேலைக்கா. டாக்டருங்க பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்புவாங்க, நான் ஹெட்போன்ல கேட்டு அடிச்சுக் குடுக்கணும். வீட்டுல இருந்தேதான். ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இவரு என் கம்ப்யூட்டர்ல இருந்தத எல்லாம் எடுத்துட்டு, லினக்ஸ்னு கம்ப்யூட்டர ஓட்டற வேற ஒரு இலவச சாஃப்ட்வேரப் போட்டு வச்சிருக்காரு. கேட்டா, இதுதான் சுதந்திரமாம். யாருக்குங்கன்னேன். உனக்குத்தான்னாரு. என்னக் கேக்காமலே எனக்குக் குடுத்த சுதந்திரம். பாக்க அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா சத்தம் வரல. டாக்டர் பேசறாரு, ஸ்க்ரீன்ல கோடு ஆடுது, காதுல ஒண்ணுமில்ல. என் பொழப்பே காதுலதான இருக்கு?

இவரு யாருன்னு நினைக்கறீங்க? லினக்ஸ் உதவிக் குழுன்னு நெட்ல ஒண்ணு இருக்கு. யாரு வேணா சந்தேகம் கேக்கலாம், தெரிஞ்சவங்க சும்மாவே பதில் சொல்லுவாங்க. அதுக்கு இவருதான் பொறுப்பாளர். அங்க இவரு பேரு ஆந்தை. எங்கேயோ எவருக்கோ பிரிண்டர் ஓடலன்னா, தட்டத் தள்ளி வச்சுட்டு எழுந்து போயிடுவாரு. சரி, நம்ம வீட்டுலயே ஆள் இருக்கேன்னு பக்கத்து ரூமுக்குப் போயி, ஏங்க, சத்தம் வரலன்னேன். தலையக்கூடத் தூக்கல. தனியாக் கேக்கக் கூடாது, குழுவுல கேளு, மத்தவங்களுக்கும் பயன்படும்னாரு.

விளையாட்டா? நானும் அப்படித்தான் நினைச்சேன். விதியாம்க்கா. தனியா ஒருத்தருக்குச் சொன்னா அது அவரோட போயிடுமாம், பொதுவுல சொன்னா எல்லாருக்கும் உதவுமாம். யோசிச்சுப் பாத்தா நல்ல விதிதான். பொண்டாட்டிக்கும் இது பொருந்துமான்னு எழுதினவங்க யோசிக்கல, அவ்வளவுதான்.

சேந்தேன். வேற வழி? புனைபேர் வைக்கணும்னாங்க, அடுத்த ரூம்னு வச்சேன். சத்தம் வரல, உதவுங்கன்னு போட்டேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சுங்குது, டொக்கு டொக்குன்னு அடிக்கற சத்தம் கேக்குது, எனக்குப் பதில் வருது. வணக்கம் தோழி, குழுவுக்கு நல்வரவு. தோழியாம்! கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்னக் கூப்பிட்டதுலயே நல்ல வார்த்தை அதுதான்க்கா. எனக்குக் கூச்சமாக்கூட இருந்துச்சு. அடுத்த வரியில, உங்கள் கணினியில் லினக்ஸை நிறுவியது யார்னு கேக்கறாரு. நீங்கதான்யான்னு சுவத்தத் தட்டிக் கத்தினேன். அதுக்கும் குழுவுலதான் பதில். விவரங்களை இங்கேயே எழுதவும்னு.

கடுப்புல நாலு வார்த்த எழுதிட்டேன். கெட்ட வார்த்தையெல்லாம் இல்லக்கா, வீட்டுல பேசறதுதான். ஒரு வாரம் எழுதக் கூடாதுன்னு தடை போட்டாரு. போட்டுட்டு எந்திரிச்சு வந்து, சாப்பாடு ஆச்சாங்கறாரு! ஏங்க இப்படின்னா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுக் குழம்ப ஊத்திக்கிட்டாரு. அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையும் இல்ல.

தடை முடிஞ்சதும் வெங்காயம்னு ஒருத்தர் வந்தாரு. பேருதான் அப்படி, தங்கமான மனுஷன். உங்க சத்தம் எங்கயும் போகல, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போயிட்டிருக்கு, செட்டிங்ஸ்ல ஹெட்போனுக்கு மாத்துங்கன்னாரு. மாத்தினேன். டாக்டர் காதுல வந்துட்டாரு, ஏதோ மூலநோயப் பத்திப் பேசிட்டிருந்தாரு. சிரிச்சேன் பாருங்க, அப்புறம் சிரிப்பு நிக்காம அழுகையாயிடுச்சு. இத்தன வருஷமா நான் பேசினதெல்லாம்கூட அந்த மானிட்டருக்குத்தானே போயிருக்குன்னு.

அதோட விட்டிருக்கலாம். வீட்டுலயும் குழுவுல பேசற மாதிரியே பேசறது இவருக்குப் பழக்கமாயிடுச்சு. குழாய் ஒழுகுதுங்கன்னா, ஒழுகறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணினங்கறாரு. பால் திரிஞ்சு போச்சுன்னா, இதையே போன வாரமும் சொன்னியேங்கறாரு. சரின்னு ஒரு நாள் முறையா, விதியெல்லாம் படிச்சுட்டு, தெளிவாத் தலைப்பு வச்சுக் குழுவுலயே கேட்டேன். ஒரே வீட்டில் இருக்கும் கணவரிடம் பேசுவது எப்படி?

என்ன பண்ணினாரு தெரியுமா? குழுவுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மூடப்படுகிறதுன்னு பூட்டிட்டாரு.

நான் பொட்டியக் கட்டினேன். நேத்து சாயங்காலம்தான். செருப்பு மாட்டறப்போ ஆளு ரூம விட்டு வெளிய வந்து நிக்கறாரு. எங்க போறங்கறாரு. ஏன் போறங்கறாரு. வாயத் தொறந்து, என் மூஞ்சியப் பாத்து. எனக்கு என்ன வந்துச்சோ, தனியாக் கேக்கக் கூடாதுங்க, குழுவுல கேளுங்க, மத்தவங்களுக்கும் பயன்படும்னு சொல்லிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்.

நிஜமாவே கேட்டுட்டாருக்கா! மனைவி வீட்டை விட்டுச் சென்றுவிட்டார், திரும்ப அழைப்பது எப்படின்னு. ராத்திரியெல்லாம் தங்கச்சியும் நானும் போன வச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. ஒருத்தர் எந்தப் பதிப்பு, எந்த வெர்ஷனுங்கறாரு. இன்னொருத்தன் பழசுன்னா வேற ஒண்ணுக்கு மாறிடுங்கங்கறான். அவனுக்கு இவரு ஆயுள் தடை போட்டுட்டாரு. பொய் சொல்லல, அதப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. வெங்காயம் கேட்டாரு, பிரச்சனைக்கு முன்னாடி கடைசியா என்ன செஞ்சீங்கன்னு. இவரு எழுதறாரு, நான் ஒன்றுமே செய்யவில்லையேன்னு. வெங்காயம் ஒரே வரி: அதுதான் பிழை.

அதுக்கப்புறம் எவரோ இது சம்பந்தமில்லாத கேள்வி, மூடுங்கன்னாரு. இவரு, இது மூடப்படாதுன்னு போட்டாரு.

நானா? சும்மா இருப்பேனா? காலையில அடுத்த ரூம் பேருல வந்து கேட்டேன். இதுவரை என்னென்ன முயற்சி செய்து பார்த்தீர்கள், விவரமாக எழுதவும், தோழரேன்னு. அதுலேர்ந்து, ஆந்தை எழுதிக்கொண்டிருக்கிறார்னு காட்டுது. நின்னுடுது. மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாருங்குது. நான் பஸ் ஏறி இங்க வந்து, உங்க ரூமப் பாத்து, இத்தன கதையும் பேசி முடிச்சாச்சு. இன்னும் எழுதறாரு மனுஷன்.

அதான்க்கா வந்ததும் வராததுமா நெட்டக் கேட்டேன். மாடிப்படியில நல்லாக் கிடைக்குமா? சரி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அவரு எழுதி முடிக்கற வரைக்கும் படியில உக்காந்துக்கறேன். படிச்சுட்டு வந்து ரூம் வேணுமா வேணாமான்னு சொல்றேன்.