முழுப் பத்தியையும் படிக்கச் சொன்னவருக்கு

சமயங்கள் பலவற்றைச் சலிக்காமல் கற்றவரே! சொல்பவர் யாரானாலும் சும்மா நம்பாதவரே! எங்கள் சமயவியல் துறையின் தலைவரே! விடைபெறும் உங்களைப் புகழ்ந்தால், "இதுல யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பீர்கள். ஆகவே நடந்ததையே சொல்கிறோம்.

யார் மேற்கோள் கொண்டுவந்தாலும், "முந்தின வரி என்ன? அடுத்த வரி என்ன?" என்று கேட்ட பிறகுதான் தலை நிமிர்வீர்கள். "டீ குடுத்தாக்கூட எந்தக் கடைன்னு கேப்பாரு" என்பார் நம் அலுவலக உதவியாளர்.

போர் மூண்டதும் செய்தித்துறை அதிகாரி பழக்கூடையோடு வந்தார். 'எழுந்து நின்று எதிரியை வீழ்த்து' என்ற மறைநூல் வரியைச் சுவரொட்டியில் போட வேண்டும், அடியில் அறிஞர் என்று உங்கள் பெயர் வேண்டும் என்றார்.

"தாராளமா போடுங்க. அடுத்த வரியையும் சேத்துப் போடுங்க."

"அது என்னங்கய்யா?"

"அவன் ஆயுதத்தைக் கீழ வெச்சா நீயும் வெச்சிடு."

அதிகாரி சிரித்தார். "அவ்வளவுக்கு இடம் இல்லீங்க. உங்க மாப்பிள்ளை எல்லையிலதானே இருக்காரு? லீவு கேட்டிருக்காராமே?"

"அவரை இதுல இழுக்காதீங்க. கூடையை எடுத்துட்டுக் கெளம்புங்க."

மாப்பிள்ளைக்கு விடுப்பு வரவில்லை. உங்கள் பேரக்குழந்தை இன்னும் தகப்பன் முகம் பார்க்கவில்லை. மகள் உங்களோடு பேசுவதில்லை என்பதையும் அறிவோம்.

சுவரொட்டி மட்டும் வந்தது. அடுத்த வரி இல்லாமல், அடியில் 'சமயவியல் துறை அறிஞர்கள்' என்று. ஒப்புதல் கொடுத்தவர் எங்களில் ஒருவர். இதே அரங்கில்தான் இருக்கிறார். இதை வாசிக்கும் குரலாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து நாங்கள் அலமாரிகளைப் பூட்டுகிறோம். கதவு திறந்தால் பேச்சை நிறுத்துகிறோம்.

நீங்கள் யாரையும் விசாரிக்கவில்லை. வகுப்புக்குப் போய் முழுப் பத்தியையும் உரக்கப் படித்தீர்கள். "சண்டைய நிறுத்த நம்மால ஆகாது. ஆனா சாமி பேரச் சொல்லி எவனாவது பாதிய நீட்டினா, மீதி எங்கடான்னு கேக்கலாம். அதுக்குத்தானே நமக்குச் சோறு போடுறாங்க?" என்றீர்கள். மறுநாள் தெருத்தெருவாக அந்தச் சுவரொட்டிகளின் அடியில், கரித்துண்டால், மாணவர் கையெழுத்தில் அடுத்த வரி இருந்தது.

அஞ்சாத நெஞ்சினரே! நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்க! மருமகன் முழுசாக வீடு திரும்புக! மகள் வாய்திறந்து "அப்பா" என்று அழைக்கட்டும்!

ஒருவர் விடாமல் எல்லோரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம். இந்தக் கையெழுத்துகளில் ஒன்றை நீங்கள் நம்பப்போவதில்லை. எது என்று எங்களுக்கும் தெரியாது. ஆகவே, எல்லாவற்றையும் சந்தேகத்தோடே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் ஒருவரையொருவர் நம்பாத,
ஆனால் உங்களை மட்டும் நம்புகிற
சமயவியல் துறையினர்