அமாவாசையில் ஆண்டு விழா

பஸ்ஸில் கத்திப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நேற்று ஆரணியிலிருந்து போளூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருந்தும் கடைசிவரை கேட்டேன்.

"அமாவாசையில எவனாவது ஸ்கூல் ஆண்டு விழா வெப்பானாக்கா?" என்றாள் சின்னவள்.

"எங்க பெரிய டீச்சர் வெச்சாங்க. அன்னிக்குதான் எங்க தெருவுல தறி ஓடாது. போன வருசம் வேற நாள்ல வெச்சப்ப எம்பொண்ணு பாட்டுக்குக் கப்பு வாங்கினா. நானும் அவங்கப்பாவும் தறியில ஒக்காந்துகினு இருந்தோம். கப்பை மூலையில வீசிட்டா."

"இந்த வருசம்?"

"தெருவே ஸ்கூல்லதான். பந்தல் போட்டது, சமைச்சது எல்லாம் நாங்கதான். படிப்புல, ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச பசங்களுக்கு எல்லாரும் கை தட்டுனோம்."

"உம்பொண்ணுக்கு என்ன பரிசு?"

"ஒண்ணும் இல்ல. அவங்கப்பாவை இழுத்துகினு போயி அவ ஒக்கார்ற பெஞ்சைக் காட்டுனா. அவரும் ஒக்காந்துட்டாரு."

"பெஞ்சு தாங்குச்சா?"

"சிரிடி. மூணாங்கிளாஸோட தறிக்கு வந்த மனுசன். ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல. அந்த டீச்சர் நல்லா இருக்கணும்."