குழாயில் செருகிய கொடி

மனித குலத்தில் சுதந்திரத்தை முழுசாக அனுபவித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் நானும் ஒருவன். கச்சிராயபாளையத்தில் என் கம்ப்யூட்டர் சென்டரில், இரண்டாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து அனுபவித்தேன். ஒன்றாம் நம்பரில் கீபோர்டு வேலை செய்யாது.

என் பெயர் அறிவுச்செல்வன். நிதானமாகவே சொல்கிறேன் ஐயா, நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அது ஒரு ஓபன் வேர்ல்டு விளையாட்டு. ஸ்கிரீனுக்குள் ஒரு முழு ஊரே இருக்கும். கார், கடை, கடல், போலீஸ் எல்லாம் உண்டு. கொடுக்கிற மிஷனை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம், இல்லையென்றால் இஷ்டத்துக்குச் சுற்றலாம். மிஷன் என்பதெல்லாம் அடிமை மனம் உள்ளவர்களுக்கு. சென்டருக்கு வருகிற பையன்கள் சுடுவார்கள், மோதுவார்கள். நான் இத்தனை வருஷத்தில் ஒருத்தரைக்கூடச் சுட்டதில்லை. எனக்கென்று ஒரு பாணி இருந்தது. ரோட்டை அடைப்பேன்.

தெருவோரத்துப் பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவந்து குறுக்கே நிறுத்திவிட்டு ஓரமாக நின்று பார்ப்பேன். ஹாரன் அடிப்பார்கள். இறங்கித் திட்டுவார்கள். சலித்துப்போனால் பார்வையை வேறு பக்கம் திருப்புவேன். மறுபடி திருப்பினால் எல்லாரும் மறைந்திருப்பார்கள், ரோடு காலியாக இருக்கும். நாம் பார்க்காத இடத்தில் ஆள் வைத்துக்கொள்ள கம்ப்யூட்டருக்குச் சக்தி பத்தாது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்ததே இதுதான். யாருக்கும் நஷ்டமில்லை பாருங்கள்.

கொரோனா அடங்கியும் அடங்காத அந்தத் தை மாசத்தில், இட ஒதுக்கீடு கேட்டுக் கள்ளக்குறிச்சியில் மறியல் நடந்தது. கோரிக்கையைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஒரு கலைஞனாகப் பார்க்கப் போனேன். ஏமாற்றமாகிவிட்டது. தெய்வசிகாமணி தலைமை, தாடையில் மாஸ்க், தோளில் துண்டு, கையில் மைக். "உயிரே போனாலும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டோம்" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது, அசைந்தார்கள். பால் வண்டி வந்தது, அசைந்தார்கள். கல்யாண வேன் வந்தபோது ஜன்னலுக்குள் தலையை விட்டு மாப்பிள்ளையை ஆசீர்வாதம் செய்தே அனுப்பினார். தக்காளி சாதப் பொட்டலம் வந்து இறங்கியதும் ரோடு முழுசாகத் திறந்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டிருந்தவர் சுப்புராயன். அன்றுதான் அவரை முதல்முதலாகப் பார்த்தேன்.

"அண்ணே, இதக் கொஞ்சம் புடிச்சிக்கினு இரு. ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துர்றேன்."

அவர் திரும்பி வந்தபோது நானும் இல்லை, கொடியும் இல்லை. கம்பில் அவர் பெயரைக் கீறி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் கல்வராயன் மலையடிவாரத்து அணை வரைக்கும் ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோட்டில், ஒரு வளைவில், சிறு பாலம் கட்டுவதற்காகப் பெரிய சிமெண்ட் குழாய்களை மேட்டில் அடுக்கி, உருளாமல் கல்லால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மறியல் அன்றும் தொடர்ந்ததால் வேலையாட்கள் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சுற்றுவழி கிடையாது. செல்போன் டவரும் எடுக்காது. எல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரே ஒரு கல்லைத் தட்டிவிட்டேன். மூன்று குழாய்கள் உருண்டுவந்து, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றன. நடுக் குழாயில் கொடியைச் செருகினேன். மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தது சடையனின் ஜீப். மலையிலிருந்து இறங்கி வந்தது. உள்ளே சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் அவர் மனைவி பச்சையம்மாள், பிரசவ வலியில். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மேலே நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அத்தனை ஆம்பளைகள் சேர்ந்தால் குழாய்களைப் பள்ளத்தில் தள்ளிவிட்டிருக்கலாம். ஒரு பையன் கை வைக்கவும் செய்தான்.

"டேய், மறியல்காரங்க கொடி இருக்குது பாரு. கைய எடு. நாளைக்கு நாம கீழ சந்தைக்குப் போவ வேணாமா?"

"அதுக்கு? அண்ணி கத்திக்கினு கெடக்குது, உனக்கு இன்னா சந்த?"

"ஒரு வார்த்த கேட்டுட்டு எடுக்கலாம்டா."

கேட்பதற்கு யாரும் இல்லை. சடையன் கொடியைப் பார்த்துக் கும்பிட்டார். "யாருங்க இருக்கறீங்க? புள்ளத்தாச்சிங்க. ஒரே ஒரு வண்டிங்க. நாங்க போனதும் நாங்களே திரும்பி வந்து பழையபடி வெச்சிடறோங்க."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். வாஸ்தவம். "எடுங்க" என்றால் எடுத்திருப்பார்கள். ஆனால் பாருங்கள், விளையாட்டில் இதுவரை யாரும் என்னைக் கும்பிட்டதில்லை. எவ்வளவு நேரம் கும்பிடுவார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் சத்தம் தொந்தரவாக இருந்தது. எழுந்து மேட்டின் மறுபக்கம் போய், அணைத் தண்ணீரைப் பார்த்தபடி, கொண்டுபோயிருந்த பன்னைத் தின்றேன். அவசரப்படவில்லை. திரும்பிப் பார்க்கும்போது ரோடு காலியாக இருக்கும் என்று மனசார நம்பினேன்.

இருக்கவில்லை. எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். சத்தம்தான் இல்லை. கொடி கீழே கிடந்தது. சடையன் தன்னந்தனியாக ஒரு குழாயை உருட்டிக்கொண்டிருந்தார். இனி அவசரமில்லை என்று யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். குழந்தையும் இல்லை என்பதைப் பிறகு பேப்பரில் படித்தேன்.

அன்று சாயங்காலமே தெய்வசிகாமணி, "கல்வராயன் மலையையே ஸ்தம்பிக்க வைத்த நம் எழுச்சி" என்று முழங்கினார். சாவுச் செய்தி வந்ததும், அது சமூக விரோதிகளின் சதி என்று முழங்கினார். மைக் அதேதான். கம்பில் இருந்த பெயரைப் பார்த்து நீங்கள் சுப்புராயனைப் பிடித்துவந்தீர்கள்.

அவர் கடப்பாரை போட்டு நெம்பியதாக ஒப்புக்கொண்டாராம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடப்பாரை எதற்கு ஐயா? சரியான கல்லைக் கண்டுபிடித்துத் தட்டினால் போதும். அந்த மனிதருக்கு ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியவில்லை. என் வேலையை அவர் பெயரில் எழுதினால் எப்படி? அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக ஏட்டய்யா எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

நேற்று என் சென்டரைச் சோதனை போட்டபோது ஏட்டய்யாவே இரண்டாம் நம்பர் சிஸ்டத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா, பெரிய ஆட்டக்காரன்னு சொல்லிக்கின, இதுல முடிச்சது பூஜ்யம் பர்சன்ட்டுன்னு காட்டுது?" என்று கேட்டார். எதையும் மறைக்க மாட்டேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆகையால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டில் வருகிற அந்த ஊரைத் தாண்டிப் போக ஒரு பாலம் இருக்கிறது. முதல் மிஷனை முடிக்கிற வரைக்கும் அது அடைத்தே கிடக்கும். முதல் மிஷன் என்பது ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓட்டிப் போவது.

நான் ஆறு வருஷமாக அந்தச் சைக்கிளிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறேன்.