காக்கை இவ்வளவு நேராக வெட்டுமா

இந்தத் தேநீரில் ஆடை படிந்துவிட்டது, ஐயா. பரவாயில்லை, அது யாருடைய குற்றமும் இல்லை. சூடான பாலின் மேற்பரப்பில் ஈரம் முதலில் ஆவியாகும். மிச்சம் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டித் தோலாக இறுகும். காய்ந்தது சுருங்கும், சுருங்கியது ஓரத்தில் கிழியும். கோப்பை விளிம்பை ஒட்டி எவ்வளவு சீராகக் கிழிந்திருக்கிறது, பாருங்கள். யாராவது கத்தி வைத்தார்களா? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

நான் இங்கே மாட்டு டாக்டராக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. உங்களுக்கே தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம், ஒரு வேலி, அதற்கப்பால் மறுபடி மேய்ச்சல் நிலம். மூலையில் ஒரு மாடு செத்தால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஆள் பார்ப்பான். போன கோடையில் பால் சங்கத் தலைவரின் மாடு அப்படித்தான் கிடந்தது. கண் இல்லை, நாக்கு இல்லை. மடி இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஊர் மூன்று கட்சியானது. வானத்திலிருந்து ஏதோ இறங்கியது என்றது ஒன்று. யாரோ மந்திரம் வைக்கிறார்கள் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி வாயே திறக்காமல் எலும்புக்காரரைப் பார்த்தது. செத்த மாடுகளின் தோலையும் எலும்பையும் வாங்கிப்போகிறவர் அவர். ஊரிலேயே கூரான கத்திகள் அவரிடம்தான் இருந்தன. வேறென்ன சாட்சி வேண்டும்?

பால் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து பொறுமையாக விளக்கினேன். இதயம் நின்றதும் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கி உறைந்துவிடும், அதனால் மேலே கிழித்தால் சொட்டாது. காக்கையும் நரியும் மெத்தென்ற இடத்தில்தான் முதலில் வாய் வைக்கும்: கண், நாக்கு, மடி. வயிறு உப்பித் தோலை இழுக்கும், வெயில் அதைக் காய வைக்கும். கடித்த ஓரம் வெட்டிய ஓரம்போல் ஆகிவிடும். அவ்வளவுதான்.

தலைவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டாக்டரே, காக்கா இவ்ளோ நேராவா வெட்டும்? நம்ம தையல்காரரு முப்பது வருஷமா வெட்டுறாரு, என் சட்டை இன்னும் ஒரு பக்கம் எறங்கித்தான் இருக்கு."

"உங்க தோளு ஒரு பக்கம் எறங்கியிருந்தா கத்திரி என்னங்க பண்ணும்?" என்றார் தையல்காரர்.

கூடமே சிரித்தது. பால் பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியும் சிரித்தாள். எனக்குக் கோபமில்லை. ஆதாரம் இல்லாமல் பேசியது என் தவறு.

வெளியே எலும்புக்காரர் காத்திருந்தார். "டாக்டரே, நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. கடையில என் பொண்டாட்டிக்கு உப்புகூடக் குடுக்க யோசிக்கிறாங்க. எப்படியாச்சும் புரிய வைங்க." நான் வாக்குக் கொடுத்தேன். நான் செய்ததெல்லாம் அந்த ஒரு வாக்குக்காகத்தான்.

யோசித்துப் பாருங்கள். மாடு விழுந்த நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை, மணிக்கு ஒரு படம் வேண்டும். தானாகப் படம் எடுக்கும் கேமராவை மரத்தில் கட்டிவிடலாம். ஆனால் எந்த மரத்தில்? எந்த மாடு, எங்கே, எப்போது சாகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது.

முதலில் கிழடான ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வலியே இல்லாத ஊசி. அங்கேதான் சறுக்கினேன். அந்த மருந்து இறைச்சியிலேயே தங்கிவிடும். கொத்த வந்த காக்கைகள் பதினொன்றும் மாட்டைச் சுற்றி வட்டமாகச் செத்து விழுந்தன. மந்திரக் கட்சிக்கு அன்று கொண்டாட்டம். என் சோதனை பாழ். அடுத்த மாட்டிலிருந்து மருந்து தங்காத வழிக்கு மாறினேன். அதில் வலி உண்டு. குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஒரு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, மழையில் ஒன்று. ஒரு முறை நரி வரவே இல்லை, அதனால் இன்னொன்று. நீங்கள் மூன்று வாரம் ராத்திரி முழுக்க விளக்கோடு வேலியைச் சுற்றினீர்கள், பாவம். நான் காலை பதினொரு மணிக்கு, என் வழக்கமான சுற்றில்தான் போனேன். வெளிச்சம் இல்லாமல் படம் நன்றாக வராது. வழியில் நீங்கள்கூட ஒரு நாள் எனக்குக் கை அசைத்தீர்கள்.

ஐந்தாவது என் மைத்துனரின் பண்ணையில் மேய்ந்த செவலை. தாய் செத்த கன்று அது. என் மனைவி புட்டியில் பால் கொடுத்து வளர்த்துத் தம்பியிடம் விட்டிருந்தாள். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிமையானது. கூப்பிட்டால் வரும். மற்றவை ஓடும், ஓடினால் உடல் சூடாகிக் கணக்கு மாறும்.

இதற்குள் ஊருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மத்தியானம் எலும்புக்காரரின் கதவை உடைத்து, கத்தி பிடிக்கும் வலது கையைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். நான்தான் கட்டுப் போட்டேன். எலும்பு எப்படிச் சேரும், முதலில் ரத்தம் உறைந்து, பிறகு குருத்தெலும்பு வந்து, என்று அவருக்கு விளக்கினேன். "இன்னும் எத்தனை மாடு சாகணும் டாக்டரே?" என்று முனகினார். ஒன்றுதான் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆறாவதோடு ஆல்பம் முடிந்தது. எடுத்ததில் தெளிவாக வந்த நூற்றுப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் மணி, வெயில், காற்று. மறுபடி கூட்டம். படங்கள் கை மாறின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவரே, "அட, காக்காதான்யா" என்றார். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை.

என் மனைவி மட்டும் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தாள்.

"ஏங்க, இது நம்ம செவலைதானே?"

"ஆமாம்."

"மொதப் படத்துல நின்னு புல்லு தின்னுக்கிட்டிருக்கு. கீழ 'இறப்பதற்குப் பத்து நிமிடம் முன்'னு எழுதியிருக்கீங்க. அது சாகப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறாள். நல்ல கேள்வி என்று சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருக்கும்போது ஒரு படம் அவசியம் என்றேன். ஊசி போட்டது, வழி மாற்றியது, எல்லாம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். ஆல்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து தம்பி வீட்டுக்குப் போனாள். இன்னும் திரும்பவில்லை.

நேற்று எலும்புக்காரர் இங்கே வந்து கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றார். "மொத மாட்டோட சும்மா விட்டிருந்தா மூணு மாசத்துல ஊரு மறந்திருக்கும்ல டாக்டரே" என்றார். மறப்பதும் புரிவதும் ஒன்றல்ல என்று சொன்னேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். செத்தவை ஏழு. முதலாவது தானாகச் செத்தது, மற்ற ஆறையும் கொன்றவன் நான். ஆனால் சிதைத்ததாக எழுதாதீர்கள். எந்த மாட்டின்மீதும் என் கத்தி படவில்லை. எலும்புக்காரரின் கை விஷயத்தையும் இதில் சேர்க்க வேண்டாம், அது ஊர்க்காரர்கள் செய்தது. நான் அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தேன்.

எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள். காக்கை விஷயம் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை போலிருக்கிறது. தேநீர் ஆடையை வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் புரிவதில்லைதான், கண்ணால் பார்க்க வேண்டும். நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடு கட்டியிருக்கிறதே, ஐயா. அது கூப்பிட்டால் வருமா?